சட்டம் எழுதும் இடம்

வைபாரு பள்ளத்தாக்கில் ஊரார் கூடும் மூதாதையர் கூடத்தில் அன்று நீதிமன்றம் கூடியிருந்தது. நீதிபதி ஹாரியாட்டாவும் எல்லாரையும் போலக் காலணியை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

மாவோரிப் பழங்குடியினரின் நில வழக்குகளைப் பார்க்கும் நீதிமன்றத்தில் பதினோரு வருடமாக நீதிபதி அவள். ஆட்டு ரோமம் கத்தரிப்பவரின் மகள். அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து அந்த நாற்காலிக்குப் போன முதல் பெண். அவள் பெயரைச் சொன்னாலே ஊர்க்காரர்களுக்கு முகம் மலரும்.

அன்றைய வழக்கு குயினி போட்டது. ரோமம் கத்தரிக்கும் கூட்டங்களுக்குச் சமைப்பவள், பட்டென்று பேசுகிறவள். அறுபது வருடத்துக்கு முன் ரயில் பாதைக்கென்று ஊர்க்காரர்களுடைய ஆற்றங்கரை நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. ரயில் வரவேயில்லை. நிலமும் திரும்பி வரவில்லை.

ஹாரியாட்டா மூன்று வாரம் சட்டப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்திருந்தாள். அப்படி எடுத்த நிலத்தைத் திருப்பித் தர நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை. தீர்ப்பை மாவோரி மொழியிலேயே படித்தாள். நிலத்துக்குரிய மூதாதையர் பெயரையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லி, கடைசியில் முடியாது என்றாள்.

குயினி எழுந்தாள்.

"ஜட்ஜம்மா, எங்கப்பா கேட்டப்பவும் முடியாதுன்னுதான் சொன்னாங்க. அவங்க இங்கிலீஷ்ல சொன்னாங்க. நீங்க நம்ம பேச்சுல, நம்ம முன்னோர் பேரெல்லாம் அடுக்கிச் சொல்றீங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு."

கூடம் சிரித்தது. ஹாரியாட்டாவுக்குக் காதெல்லாம் சூடேறியது.

"சட்டத்துல இடமில்லம்மா. இருந்தா இன்னிக்கே எழுதிக் குடுத்திருப்பேன்."

"அப்ப சட்டம் எழுதுற இடத்துக்குப் போங்க. இங்க உக்காந்து என்ன பண்றீங்க?"

அந்தக் கேள்வி அவளை விடவில்லை. குளிர்காலம் முடிந்ததும் பதவி விலகல் கடிதம் கொடுத்துவிட்டு நாடாளுமன்றத் தேர்தலில் நின்றாள். கணவன் பரட்டேனே தலையில் அடித்துக்கொண்டான்.

"நீ உள்ள நுழைஞ்சா எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறாங்க. ஓட்டுக் கேட்டுப் போனா நாய அவுத்து விடுவாங்கடி."

"நாய்க்கும் ஒரு ரொட்டி எடுத்துட்டுப் போறேன்."

முதலில் போனது குயினியின் சமையல் கொட்டகைக்குத்தான். குயினி ஒரு மூட்டை உருளைக்கிழங்கையும் கத்தியையும் முன்னால் வைத்தாள். "உரிச்சுக்கிட்டே பேசுங்க. இருபது பேருக்குச் சாப்பாடு."

மூட்டை பாதியாவதற்குள் 'ஜட்ஜம்மா' போய் 'அடியே ஹாரி' வந்துவிட்டது.

அந்தத் தேர்தலில் இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றாள். கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தவளிடம் குயினி ஒரு பானை சிப்பிக்கறியோடு வந்தாள். "தோத்ததுக்கு யாரும் செத்ததில்ல. சாப்டு. செவ்வாக்கிழமை வடக்குப் பக்கம் போறோம், வண்டிய எடுத்து வை."

மூன்று வருடம் கூடம் கூடமாக அலைந்தார்கள். அடுத்த தேர்தலில் நாலாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஹாரியாட்டா ஜெயித்தாள்.

எடுத்த காரியத்துக்குப் பயன்படாத நிலம் திரும்பிப் போக வேண்டும் என்று மசோதா எழுத உட்கார்ந்தவள், யாருக்கு என்ற இடத்தில் முதலில் 'கொடுத்தவர்களுக்கு' என்று எழுதினாள். அதை அடித்தாள். யாரும் கொடுக்கவில்லையே. 'உரியவர்களுக்கு' என்று எழுதியதும்தான் பேனாவை மூடினாள்.

கட்சித் தலைவர் கூப்பிட்டு, "இப்ப வேண்டாமே, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார்.

"முடியாதுன்னு அந்தக் கூடத்துல ஒரு தடவ சொல்லிட்டேங்க. இன்னொரு தடவ சொல்ல எனக்கு வாய் வராது."

அவையில் அவள் குரலை உயர்த்தவில்லை. தன் பழைய தீர்ப்பையே எடுத்துப் படித்தாள். "இது சரியான தீர்ப்பு. தப்பு சட்டத்தில் இருக்கிறது. அதை எழுதியது இந்த அவை" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

எதிர்க்கட்சியில் ஒன்பது பேர் அவள் பக்கம் ஓட்டுப் போட்டார்கள். மசோதா நிறைவேறியது. பார்வையாளர் மாடத்தில் வைபாருக்காரர்கள் எழுந்து பாடத் தொடங்கினார்கள். குயினி எட்டாத சுருதியில் எடுத்துவிட்டாள். மற்றவர்கள் மூச்சுப் பிடித்துத் தொடர்ந்தார்கள். பாட்டு முடியும்வரை அவைத்தலைவர் காத்திருந்தார். ஹாரியாட்டா கீழே தலைநிமிர்ந்து நின்று கூடவே பாடினாள். நீதிபதியாக இருந்த நாளில் எந்தத் தீர்ப்புக்கும் அவள் நெஞ்சு அப்படி விம்மியதில்லை.

அடுத்த கோடையில் புதிய நீதிபதி ஒருவர் வைபாருக்கு வந்தார். ஹாரியாட்டா ஊர்க்காரர்களோடு பாயில் உட்கார்ந்திருந்தாள். ஆற்றங்கரை நிலம் இனி இவர்களுடையது என்று அவர் படித்து முடித்ததும், குயினி கையைத் தூக்கினாள்.

"இன்னொரு தடவ படிங்க ஜட்ஜையா. மெதுவா."

அவர் முதல் வரியிலிருந்து மறுபடி படித்தார்.