இனாம் புள்ளிகள்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் எல்லோரும் அவளைக் குள்ளி என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே வருடாவருடம் நடக்கும் டேபிள் டென்னிஸ் போட்டியில் ஐந்து வருடம் அவளை யாரும் ஜெயித்ததில்லை. ஆறாவது வருடம் வெட்டும் இயந்திரம் அவளுடைய வலது கையை முழங்கைக்குச் சற்றுக் கீழே வாங்கிக்கொண்டது. இயந்திரத்தின் பாதுகாப்பு மூடியை இரண்டு வாரம் முன்பே கழற்றி வைக்கச் சொன்னவர் சூப்பர்வைசர். மூடி இருந்தால் வேலை மெதுவாக நடக்கிறதாம். விசாரணை அறிக்கையில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதிவிட்டார்கள்.

காயம் ஆறியதும் அவளை வாசல் அறையில் உட்காரவைத்து, உள்ளே வரும் லாரிகளின் எண்ணை எழுதச் சொன்னார்கள். இடது கையால் எழுதப் பழகினாள். அதே கையால் மட்டையும் பிடித்தாள். வீட்டில் சாப்பாட்டு மேஜையைச் சுவரோடு தள்ளிப் போட்டு, பத்து மாதம் தினமும் அடித்தாள். வலது முழங்கை மடிப்பில் பந்தை வைத்து, நேராக மேலே எழுப்பி சர்வ் போட வருவதற்கே மூன்று மாதம் ஆனது.

“இந்த வயசுல கட்டிலுக்கடியில என்னைத் தவழ வச்ச பெருமை உனக்குத்தான்” என்பார் அவள் வீட்டுக்காரர், பந்தைத் தேடிக்கொண்டே. அவர் பஸ் ஓட்டுநர்.

வருடாந்திரப் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது சூப்பர்வைசர் வாசல் அறைக்கு வந்தார்.

“இந்த வருஷம் நீதாம்மா பரிசு கொடுக்கணும். மேடையில உட்கார வைக்கிறோம்.”

“ஆடுறவங்க பட்டியல்ல என் பேரை எழுதுங்க சார்.”

அவர் சிரித்தார். “உனக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது?”

“போன தடவை யார் சார் பதில் சொன்னா?”

சிரிப்பு நின்றது. “சர்வ் போடுறப்ப பந்து உள்ளங்கையில இருக்கணும். அது விதி.”

“கை இல்லாதவங்களுக்கு நடுவர் அதைத் தளர்த்தலாம். அதுவும் விதிதான். படிச்சுட்டுத்தான் பேசறேன்.”

பெயர் ஏறியது.

முதல் ஆட்டமே பேக்கிங் பிரிவுப் பெண்ணோடு. இருவரும் நான்கு வருடம் இரட்டையர் ஆட்டத்தில் ஜோடி சேர்ந்தவர்கள். மெக்கானிக் நடுவராக நின்றார். குள்ளி சீக்கிரமே ஐந்துக்கு ஒன்று என்று முன்னால் போனாள். ஒவ்வொரு புள்ளிக்கும் கூட்டம் கை தட்டியது. ஐந்தாவது புள்ளியில்தான் அவளுக்கு உறைத்தது. தூக்கத்தில்கூட அடிக்கக்கூடிய பந்தை அந்தப் பெண் வலையில் போட்டிருந்தாள். அதற்கு முன்பும் இரண்டு பந்து அப்படித்தான்.

குள்ளி மேஜையைச் சுற்றிக்கொண்டு போய் அவள் முன்னால் நின்றாள்.

“என்னடி பண்றே?”

“ஒண்ணுமில்லக்கா.”

“மூணு பந்தை வேணும்னே விட்டிருக்கே.”

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். “நீ ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நான் ஒரு தடவைகூட வந்து பார்க்கலக்கா. பயமா இருந்துச்சு. அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வர்றதுன்னு...”

குள்ளிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “அதுக்குக் கூலி மூணு புள்ளியா? பிச்சை போட வந்தியா, ஆட வந்தியா?”

திரும்பிப் போய் அடுத்த மூன்று பந்துகளையும் வேண்டுமென்றே கூரையைப் பார்த்து அடித்தாள். கை தட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். மெக்கானிக் தயங்கித் தயங்கி எண்ணிக்கை சொன்னார்: ஐந்துக்கு நாலு.

“கணக்கு தீர்ந்துச்சு. இப்ப ஆடு.”

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கும் கோபம் வந்திருந்தது. அடுத்த பந்து குள்ளியின் காதை உரசுவதுபோல் பறந்தது. முதல் செட் அந்தப் பெண்ணுக்குப் போனது. இரண்டாவதைக் குள்ளி பல்லைக் கடித்துக்கொண்டு பதினொன்றுக்கு ஒன்பதில் பிடுங்கினாள். மூன்றாவதில் பதினொன்றுக்கு ஆறு என்று தோற்றாள். கை குலுக்கும்போது அந்தப் பெண் இடது கையை நீட்டினாள்.  இருவரும் கையை உடனே விடவில்லை.

சூப்பர்வைசர் ஒரு கோப்பையோடு வந்தார். “தன்னம்பிக்கை விருது. வாங்கிக்கோம்மா.”

“தோத்தவங்க எல்லாருக்கும் உண்டா சார்?”

“இல்லம்மா, உனக்கு மட்டும்தான். ஒரு போட்டோ எடுத்துக்கலாம்.”

“கவனக்குறைவுன்னு எழுதினீங்களே, அந்த அறிக்கையைத் திருத்தி எழுதிக் கொண்டாங்க. அதைக் கையில பிடிச்சுக்கிட்டு நான் சிரிச்ச மூஞ்சியா நிக்கிறேன்.”

அறை முழுக்கக் கேட்டது. அவர் கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். யாரும் அவருக்கு உதவிக்குப் போகவில்லை.

வீட்டுக்காரர் வெளியே பைக்கோடு காத்திருந்தார். அவள் ஏறி உட்கார்ந்த வேகத்திலேயே புரிந்துகொண்டார்.

“தோத்ததுக்கா இவ்வளவு கோபம்?”

“பேக்ஹேண்ட். புறங்கையால அடிக்க வேண்டியதை நாலு தடவை வலையில போட்டேன். பச்சைப் பிள்ளைகூட எடுக்கும். அவ பார்த்துட்டா. அடுத்த தடவை எல்லாத்தையும் அங்கேயேதான் போடுவா.”

“போடட்டுமே.”

“போடட்டும்” என்றாள். வழி முழுக்கத் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தாள்.