கோவிந்தராஜுலு தூங்கிய விதம்

கோயமுத்தூர் கணபதியில், மோட்டாரோடு சேர்ந்த மோனோபிளாக் பம்ப் செய்து விற்கும் கோவிந்தராஜுலுவுக்கு ஐம்பத்து நான்கு வயதில் இரண்டு சொத்துகள் இருந்தன. ஒன்று கம்பெனி, இன்னொன்று களைப்பு. கம்பெனியில் அண்ணன் மகன்களுக்குப் பங்கு உண்டு. களைப்பு முழுக்க அவருடையது. "நேத்து நாலு மணி நேரந்தானுங்க தூங்குனேன்" என்று கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சொல்வார். பக்கத்து இலைக்காரர் தான் மூன்றரை என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு ரசம் இறங்காது. அடுத்த முகூர்த்தத்துக்குள் தன்னுடையதை மூன்றே காலாக்கிக்கொண்டு வருவார்.

பகலில் அவர் கண்ணை மூடினால் அது தூக்கமல்ல, யோசனை. இது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். பம்ப் உற்பத்தியாளர் சங்கக் கூட்டங்களில் யோசித்திருக்கிறார். மகளின் நிச்சயதார்த்தத்தில் தாம்பூலத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, சம்பந்தி பேசப் பேச யோசித்திருக்கிறார். யோசனை ஆழமாகும்போது குறட்டையும் வரும்.

அந்தக் குறட்டை மனைவி ரங்கநாயகிக்கு ஒரு தொந்தரவே இல்லை. கல்யாணமாகி வந்த நாள் முதல் சுவருக்கு அந்தப் பக்கம் ஃபவுண்டரி ஓடுகிறது, சத்தம் பழகியவள். தொந்தரவு, அது நிற்கும்போதுதான். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் குறட்டை திடீரென்று நிற்கும். மூச்சும் நிற்கும். நெஞ்சு மட்டும் எழும்பும், காற்று உள்ளே போகாது. ரங்கநாயகி எண்ண ஆரம்பிப்பாள். முப்பதைத் தாண்டினால், மூச்சு வரும்வரை எண்ணிக்கொண்டே விலாவில் குத்துவாள். அவர் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கினவர் போல மூச்சை இழுத்துக்கொண்டு புரண்டு படுப்பார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே கதை. பதினோரு வருஷமாக அவளுடைய ராத்திரி இதுதான். படுத்தது தெரிந்து, விடிந்தது தெரியாமல் தூங்க வேண்டும். அவள் கோனியம்மனிடம் கேட்பதெல்லாம் இதை மட்டும்தான்.

சமையலறையில் கம்பெனி காலண்டர் தொங்கியது. பால்காரர் வராத நாளைக் குறிக்கும் கட்டத்திலேயே, முந்தின இரவின் பெரிய எண்ணையும் குறித்து வைத்தாள். சாதாரண நாளில் இருபத்தைந்து. சங்கத் தேர்தல் வாரத்தில் முப்பத்தெட்டு. காங்கேயத்துக்கு அனுப்பிய மோட்டார்கள் மொத்தமாக உள்ளே கம்பிச்சுருள் கருகித் திரும்பி வந்த வாரத்தில் நாற்பத்தொன்று. பொங்கலுக்குக் கோபியில் அவள் தம்பி வீட்டில் மூன்று நாள் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது பதினாறு. அலுப்பும் மனக்கவலையும் சேரச் சேர மூச்சு கூடுதல் நேரம் நிற்கிறது என்பதை ரங்கநாயகி இப்படித்தான் கண்டுபிடித்தாள். சொன்னபோது கோவிந்தராஜுலு, "குறட்டைங்கறது ஒழைக்கறவனுக்கு வாரதும்மணி. சும்மா இருக்கறவனுக்கு எங்கிருந்து வரும்?" என்றார்.

தொண்ணூற்றாறாம் வருஷம் அவர் சங்கத் தலைவரானார். அதோடு அந்த வருஷம் பம்ப் கண்காட்சியும் வந்து சேர்ந்தது. காலண்டரில் நாற்பதுக்குக் கீழே எண்ணே இல்லாமல் போயிற்று. ஆகஸ்டில் ஒருநாள் மத்தியானம் அவிநாசியிலிருந்து தானே காரை ஓட்டிக்கொண்டு வந்தவர், நீலாம்பூர் தாண்டும்போது யோசித்துவிட்டார். கார் ரோட்டை விட்டு இறங்கி, சோளக்காட்டுக்குள் நூறடி போய் நின்றது. கதவைத் திறந்து எழுப்பிய காட்டுக்காரர், "ஏனுங்க, யாரைப் பாக்கோணுங்க?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"குறுக்கு வழி" என்றார் கோவிந்தராஜுலு.

அந்தச் சோளத்தட்டு ஒட்டிய காரைப் பார்த்த பிறகுதான் ரங்கநாயகி அவரை டாக்டரிடம் இழுத்துப் போனாள். துணைக்கு ஃபோர்மேன் அப்துல் முத்தலிப்பும் வந்தார். இருபத்தைந்து வருஷமாக முதலாளிக்கு எந்தச் செய்தியையும் புரியும்படி சொல்லத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். காது மூக்கு தொண்டை டாக்டர் சண்முகப்பிரியாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. காலண்டர் தாள்களை வாங்கி மேஜையில் பரப்பி, ஒவ்வொரு கட்டமாகப் படித்தார்.

"இதுக்கு டெஸ்ட் இருக்குதுங்க, ஆனா மெட்ராஸ் போகோணும். இந்தம்மா எழுதியிருக்கறதே முக்கால்வாசி சொல்லிருதுங்க. தூக்கத்துல உங்க தொண்டை மூடிக்குது."

"என்ற தொண்டையா? நான் மைக் இல்லாம ஆயிரம் பேருக்குப் பேசறவன், கண்ணு."

"முழிச்சிருக்கறப்பங்க. தூங்கறப்ப சதை தளர்ந்துரும். ஒடம்பு அசந்திருந்தா இன்னும் தளரும், மூளை முழிச்சுக்கறதுக்கும் லேட்டாகும். டென்ஷன்ல நேரங்கெட்டுச் சாப்பிடறது, படுக்கறப்ப பிராந்தி, எல்லாம் சேர்ந்துக்கும். ராத்திரி தூக்கம் உடைஞ்சு உடைஞ்சு போறதால பகல்ல இன்னும் அசதி. அசதியால மறுபடி..."

கோவிந்தராஜுலு யோசிக்க ஆரம்பித்திருந்தார். முத்தலிப் அவர் முழங்கையைத் தொட்டார்.

"மொதலாளி, சக்ஷன்ல தொளதொளன்னு ரப்பர் ஓஸ் மாட்டுனா என்னாவுங்க?"

"உறிஞ்சறப்ப அமுங்கி ஒட்டிக்கும். தண்ணி ஏறாது."

"அதானுங்க உங்களுக்கு. ஓவர்லோடுல ஓட்டி ஓட்டி ஓஸ் தொளதொளத்துப்போச்சுங்க."

கோவிந்தராஜுலு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட, இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று டாக்டரைக் கடிந்துகொண்டார்.

டாக்டர் இரண்டு வைத்தியம் சொன்னார். மூக்கில் மாட்டிக்கொண்டால் காற்றை அழுத்தி அனுப்பி, தொண்டையை மூட விடாமல் வைத்திருக்கும் மிஷின் ஒன்று. அமெரிக்காவிலிருந்து வர வேண்டும். இன்னொன்று, வேலையைக் குறைத்து, எடையைக் குறைத்து, நேரத்துக்குத் தூங்குவது. கோவிந்தராஜுலு மிஷினைப் பற்றி இருபது கேள்வி கேட்டார். இரண்டாவதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

மருமகன் மூலமாக நியூஜெர்சியிலிருந்து மிஷின் வந்தது. டாக்டர் வீட்டுக்கே வந்து அழுத்தத்தைச் சரிசெய்து கொடுத்தார். அன்றைக்கு ராத்திரி குறட்டையும் இல்லை, நிற்பதும் இல்லை. ரங்கநாயகி பழக்கதோஷத்தில் கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். எண்ணுவதற்கு எதுவும் வராததால் அப்படியே தூங்கிப்போனாள். பால்காரர் மணியடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவள் எழுந்தபோது மணி எட்டேகால். வாசலில் கோலமில்லை, அடுப்பில் காபியில்லை. அதற்காக அவள் துளியும் வருத்தப்படவில்லை. பதினோரு வருஷத்துக்குப் பிறகு தலை லேசாக இருந்தது.

கோவிந்தராஜுலுவும் அன்றைக்குத்தான் வருஷக்கணக்குக்குப் பிறகு தெளிந்த மூளையோடு எழுந்திருந்தார். கோயமுத்தூரில் பம்ப் செய்கிறவனுக்கு மூளை தெளிந்தால், வெளிநாட்டு மிஷினைப் பார்த்து வருவது ஒரே எண்ணம்தான்: இதை நாமே செய்தால் என்ன? ஏழு மணிக்கு அதைக் கம்பெனிக்கு எடுத்துப்போனார். ஒன்பதரைக்கு அது அறுபத்து மூன்று துண்டுகளாக, அளவெடுப்பதற்காக, மேஜை மேல் வரிசையாகக் கிடந்தது. உள்ளே இருந்த ஒரு ரப்பர் சவ்வு என்ன ரப்பர் என்று தெரிந்துகொள்ள, அதை அவரே இரண்டாக வெட்டியும் பார்த்துவிட்டார்.

"மொதலாளி, ராத்திரிக்கு இது வேணுமுங்களே" என்றார் முத்தலிப்.

"ராத்திரிக்குள்ள நம்ம மாடலே ரெடியாயிரும்."

ஆறு வாரம் ஆயிற்று. கோவிந்தராஜுலு தினமும் பதினெட்டு மணி நேரம் அதில் உட்கார்ந்தார். தயாரான மாடல் வார்ப்பிரும்பு உடம்போடு, அரை எச்.பி. மோட்டாரில், நாற்பத்திரண்டு கிலோ இருந்தது. அதை மாட்டிக்கொண்ட முதல் ராத்திரி கோவிந்தராஜுலுவின் கன்னங்கள் இரண்டும் காதுவரை போய்த் திரும்பின. கழற்றி வைத்துவிட்டு, மிஷின் இல்லாமலே தூங்கினார். ரங்கநாயகி எண்ணினாள். ஐம்பத்து மூன்று.

காலையில் பெட்டியோடு நின்றாள். "நான் கோபிக்குப் போறனுங்க."

"யாருக்கு என்னாச்சு?"

"யாருக்கும் ஒண்ணுமில்லீங்க. தூங்கப் போறேன்."

"அப்ப என்னைய யாரு குத்தறது?"

"ஊருக்கே மிஷின் செய்யறீங்க. அதுக்கும் ஒண்ணு செஞ்சுபோடுங்க."

அந்த வேலை வாட்ச்மேனுக்கு வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, முப்பது எண்ணியதும் விலாவில் குத்தும்படி உத்தரவு. வாட்ச்மேன் நல்ல குடும்பத்துப் பிள்ளை. முதலாளியைக் கையால் தொட மனம் வரவில்லை. முப்பது ஆனதும் எழுந்து, துண்டை இடுப்பில் கட்டி, "ஏனுங்க மொதலாளி... தப்பா நெனச்சுக்காதீங்க... மூச்சு விட்டாப் பரவால்லீங்களே" என்பார். இதைச் சொல்லி முடிக்க அறுபத்தைந்து ஆகிவிடும். இதை வாட்ச்மேனே பெருமையோடு சொல்லக் கேட்ட கோவிந்தராஜுலுவுக்கு அன்றுதான் முதல்முறையாகப் பயம் வந்தது. பஸ் ஏறிக் கோபிக்குப் போனார். கார் ஓட்ட டாக்டர் தடை போட்டிருந்தார்.

வாழைத்தோப்புக்கு நடுவே மைத்துனர் வீட்டில், ரங்கநாயகி நான்கு நாள் தூங்கிய முகத்தோடு இருந்தாள். பத்து வயது குறைந்திருந்தது. தான் வெட்டிய சவ்வுக்குப் பதில் புதியது அமெரிக்காவிலிருந்து வர இன்னும் இருபது நாள் ஆகும் என்று கோவிந்தராஜுலு சொன்னார்.

"அதுவரைக்கும் இங்கயே இருங்க. ரெண்டாவது வைத்தியத்தைப் பாத்துப்போடலாம்."

"நாளான்னிக்குக் கண்காட்சித் தொறப்பு விழா. நான் தலைவர்."

"தாராளமாப் போயிட்டு வாங்க. ஆனா நான் இனி எண்ண மாட்டனுங்க."

கோவிந்தராஜுலு சங்கத்துக்கு போன் செய்து, தவிர்க்க முடியாத காரணம் என்றார். உபதலைவர் சுந்தரராஜுலு தேர்தல் முடிந்த நாளிலிருந்து தவிர்க்க முடியாத காரணம் ஒன்றுக்காகத்தான் காத்திருந்தார். "ஒடம்பு முக்கியமுங்கண்ணா, நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றபோது குரல் தழுதழுத்தது.

பிராந்தி நின்றது. எட்டு மணிக்குச் சாப்பாடு, ஒன்பதரைக்குப் படுக்கை, ஒருக்களித்துப் படுக்க முதுகுக்குத் தலையணை. ரங்கநாயகி படுத்த முதல் மணி நேரம் மட்டும் எண்ணினாள். முதல் நாள் நாற்பது. மூன்றாம் நாள் முப்பத்தொன்று. ஐந்தாம் நாள் இருபத்திரண்டு.

ஆறாம் நாள் மேனேஜர் வெங்கடபதி போன் செய்தார். "கண்காட்சி பிரமாதமா முடிஞ்சுதுங்க. கம்பெனியிலயும் எல்லாம் நல்லா ஓடுதுங்க. நீங்க அவசரப்படவே வேண்டாமுங்க."

அன்றைக்குக் கோவிந்தராஜுலு சரியாகச் சாப்பிடவில்லை. தோப்பு மோட்டார் ரூம் வரைக்கும் நடந்து நடந்து வந்தார். அன்று ராத்திரி நாற்பத்தாறு.

விடிந்ததும் ரங்கநாயகி கொல்லைப்பக்கத்து அறையிலிருந்த போனை எடுத்தாள். "மேனேஜருங்களா? நேத்து அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"நல்ல சேதிதானுங்கம்மா சொன்னேன்."

"அதான் கோளாறு. இனித் தெனமும் பத்து மணிக்குக் கூப்பிட்டு, அவர் இல்லாம ஒண்ணும் நகர மாட்டேங்குதுன்னு சொல்லுங்க."

வெங்கடபதி நாணயமான ஆள், சொன்னால் செய்வார். அன்றைக்குப் பத்து மணிக்கு லேத் நின்றுபோயிற்று என்றார். மறுநாள் வார்ப்பு வெடித்தது. அதற்கு மறுநாள் டீலர்கள் முதலாளி முகத்தைப் பார்க்காமல் ஆர்டர் தர மாட்டோம் என்றார்கள். ஒவ்வொரு போனுக்குப் பிறகும் கோவிந்தராஜுலு, "பாத்தியா, நான் ஒருத்தன் இல்லைன்னா என்னாகுதுன்னு" என்று நிறைந்த மனதோடு சொல்லிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருக்களித்துப் படுத்தார். எண் பதினெட்டுக்கு வந்தது. பிறகு பன்னிரண்டு. அதற்கப்புறம் ரங்கநாயகி எண்ணத் தொடங்கினாளே தவிர, எதில் விட்டாள் என்று அவளுக்கே தெரியாது. எழுந்தபோது வெயில் ஜன்னலைத் தாண்டியிருந்தது.

பன்னிரண்டாம் நாள் வெங்கடபதி அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏனுங்கம்மா, எனக்குத் தெரிஞ்ச கோளாறெல்லாம் சொல்லி முடிச்சுட்டனுங்க. பொய் சொல்லிச் சொல்லி ராத்திரியில எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குதுங்க."

"சவ்வு வாரதுக்கு இன்னும் எட்டு நாளிருக்குதுங்களே" என்றாள் ரங்கநாயகி. "மறுபடியும் லேத்துலிருந்து ஆரம்பிங்க."

போனை வைத்துவிட்டு, பாயை விரித்தாள்.