ஒத்த நடை

அவருக்கு முன்னால் இன்னும் நான்கு பேர் நின்றிருந்தார்கள். கவுண்டருக்குள் இருந்த பெண் சில்லறைக்காக முதல் ஆளிடம் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். அவருடைய இடது கையில் மருந்துக்கடைப் பொட்டலம் இருந்தது, வலது கையில் நான்காக மடித்த கரண்ட் பில். பொட்டலத்தில் இருந்த இரண்டு ஊசி மருந்தும் வெயில் படக்கூடாதவை என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அதனால் அதைச் சட்டையோடு சேர்த்து அணைத்துப் பிடித்திருந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து மருந்துக்கடைக்கு ஐந்து நிமிஷம். அங்கிருந்து கரண்ட் ஆபீஸ் அடுத்த தெருதான். அவர் வார்டை விட்டுக் கிளம்பும்போது மணி பத்தே கால். சுவர்க் கடிகாரம் இப்போது பத்தே முக்காலைத் தாண்டியிருந்தது.

காலையில் பெரிய டாக்டர் அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, இன்றைக்கோ நாளைக்கோ என்று சொல்லிவிட்டார். சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னார். அவர் மகளுக்கு மட்டும் போன் செய்தார். மகளுக்கு ஒரு பார்சல் கம்பெனியில் வேலை. ஷிப்டைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறேன் என்றாள். அதற்குள் சிஸ்டர் வந்து, வலி ஊசி இங்கே தீர்ந்துவிட்டது, வெளியில் வாங்கி வாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, மருந்து வாங்கப் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னார். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"நேரா வந்துடுங்க" என்றாள்.

சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். எல்லா வீட்டிலும் எல்லாப் பெண்களும் சொல்கிற வார்த்தைதானே என்றுதான் அப்போது தோன்றியது. இப்போது வரிசையில் மூன்று பேராகக் குறைந்த பிறகுதான், முப்பத்தோரு வருஷத்தில் அவள் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை என்பது உறைத்தது.

அவர்கள் வீட்டில் 'ஒத்த நடை' என்பது ஒரு வசவு. ஒரே ஒரு வேலைக்காக வெளியே போய்விட்டு வருவதற்கு அந்தப் பெயர். கல்யாணமான புதிதில், வாடகை குறைவு என்று ஊருக்கு வெளியே வீடு பிடித்தார்கள். எங்கே போவதானாலும் இரண்டு பஸ் மாற வேண்டும். வாடகையில் மிச்சம் பிடித்ததைப் பஸ்ஸில் தொலைப்பதா என்று அவள்தான் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தாள். செருப்புத் தைக்கப் போகிறவர் கடிகாரத்துக்கு பேட்டரியும் போட்டுக்கொண்டு வர வேண்டும். போஸ்டாபீஸ் போகிறவர் எதிர்க் கடையில் விளக்குமாறு வாங்கிக்கொண்டு வர வேண்டும். ஒரு வேலையை மட்டும் முடித்துவிட்டு வந்தால், "ஒத்த நடையா?" என்று வாசலிலேயே கேட்பாள். கேட்கிற தொனியில் ஏதோ சீட்டாடித் தோற்றுவிட்டு வந்த மாதிரி இருக்கும்.

மகள் பிறந்த அன்று வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, வழியில் டாக்ஸியை நிறுத்தச் சொல்லி வீட்டுச் சொந்தக்காரரிடம் வாடகையைக் கொடுத்துவிட்டுப் போனவள் அவள். வீட்டுக்காரர் பதறிப்போய், அம்மா நீ முதல்ல கிளம்பு என்று கும்பிட்டிருக்கிறார். ரசீது எழுதி வாங்கிக்கொண்டுதான் ஏறினாள். இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே மகளை வளர்த்தார்கள். அவரும் நல்ல மாணவர்தான். பெயிண்ட் கம்பெனிக் கிடங்கில் எடை போடுகிறவர். பாத்ரூம் போகும்போதுகூட ஒரு சீட்டை ஆபீஸில் கொடுத்துவிட்டுத்தான் போவார் என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள். உண்மையும் அதுதான்.

அப்படித்தான் மகளைப் படிக்க வைத்தார்கள். அப்படித்தான் இரண்டு அறை வீடு ஒன்று சொந்தமானது. அந்தச் சட்டத்தைக் குறை சொல்ல வீட்டில் யாருக்கும் வாய் இல்லை.

போன வருஷம் அவளுக்கு வயிற்றில் ஒரு சோதனை செய்தார்கள். ஊரின் அந்தக் கோடியில் இருக்கிற லேப். வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் தயாராகிவிடும், வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அதே பக்கம் ஒரு கடையில் அயர்ன் பாக்ஸ் ரிப்பேருக்குக் கொடுத்திருந்தது. அதுவும் தயாராகட்டும், ஒரே நடையில் இரண்டையும் வாங்கிவிடலாம் என்று அவள் சொன்னாள். ரிப்பேர்க்காரன் காயில் வரவில்லை என்றான், அடுத்த வாரம் என்றான், மறுபடியும் அடுத்த வாரம் என்றான். நான் லீவு போட்டு வாங்கி வருகிறேன் என்று மகள் கேட்டதற்கு, அதுக்குன்னு நீ ஒத்த நடை போகாதே என்று தடுத்துவிட்டாள். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாவது வாரம் அயர்ன் பாக்ஸும் ரிப்போர்ட்டும் ஒன்றாக ஒரே பையில் வீட்டுக்கு வந்தன.

ரிப்போர்ட்டின் தேதியைப் பார்த்து, ஏன் இவ்வளவு நாள் என்று டாக்டர் கேட்டார். இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கோ வெளியூர் போயிருந்தார்கள் என்று டாக்டராகவே நினைத்துக்கொண்டார். முன்னாலேயே வந்திருந்தால் பிழைக்க வழி இருந்திருக்குமா என்று பிறகொரு நாள் அவர் தனியாகப் போய்க் கேட்டபோது, சொல்ல முடியாது என்றார். அந்தச் சொல்ல முடியாது என்பதோடுதான் அவர் இந்தப் பத்து மாதமும் படுத்து எழுந்திருக்கிறார். அவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளும் பேசவில்லை. அயர்ன் பாக்ஸ் மட்டும் நன்றாக வேலை செய்தது.

இப்போது முன்னால் இரண்டே பேர். திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். இவ்வளவு நேரம் நின்றது வீணாகிவிடும். இன்றைக்குத்தான் கடைசி நாள். நாளைக்கு அவள் இருக்கிற நிலையில் இதற்கென்று யார் வர முடியும். அப்படித்தான் நினைத்தார். பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தும் அதைவிடப் பெரிய காரணம் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை.

பில்லைக் கட்டி, ரசீதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட ஓட்டமாகத்தான் வந்தார். லிப்டுக்குக் காத்திருக்காமல் மூன்று மாடியும் ஏறினார். வார்டுக்குள் நுழைந்ததும் அவள் கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரை இழுத்துவிட்டிருப்பது தெரிந்தது. சிஸ்டர் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"பத்து நிமிஷம் ஆச்சுங்க" என்றார்.

அவர் உள்ளே போய் நின்றார். அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. பாதத்தைத் தொட்டுப் பார்த்தார், சூடு இருந்தது. அழுகை வரும் என்று நினைத்தார். பத்து நிமிஷம் என்றால் பத்து ஐம்பது, நேராக வந்திருந்தால் பத்தரைக்கே வந்திருக்கலாம், இருபது நிமிஷம் கூட இருந்திருக்கலாம் என்று மனசு தன்பாட்டுக்குக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தது. அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஒரு பெண் சாகக் கிடக்கும்போது நேரா வந்துடுங்க என்று கேட்டது, வாழ்நாளில் அவள் அவரிடம் கேட்ட ஒரே ஊதாரித்தனம். அதைக்கூட அவரால் கொடுக்க முடியவில்லை.

கால் மணி நேரத்தில் மகள் வந்தாள். பார்சல் கம்பெனியின் நீலச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். அம்மாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். அவர் அவள் முதுகில் கை வைக்கப் போய், வைக்காமல் எடுத்துக்கொண்டார். அழுகை கொஞ்சம் அடங்கியதும் மகள் தலையைத் திருப்பாமலே கேட்டாள்.

"கடைசியா ஏதாவது சொன்னாங்களாப்பா?"

"நான் மருந்து வாங்கப் போயிருந்தேம்மா. அதுக்குள்ள..."

"ரொம்ப நேரமா?"

"மருந்துக்கடையில கூட்டம்" என்றார்.

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. மகள் நம்பிவிட்டாள். பாவம், தனியாத் தவிச்சிருப்பீங்க என்று அவர் கையைப் பிடித்துக்கொள்ளவும் செய்தாள்.

பக்கத்துக் கட்டிலில் டெலிபோன் அம்மா இருந்தார். எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ரிடையர் ஆனவர், அதனால் வார்டில் அந்தப் பெயர். ஊர்ப்பட்ட பேரின் பேச்சை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதுக்கு அனுப்பியவர். ஒரு வார்த்தை மாறாமல் சொல்வார். அவர் திரையை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு மகளைக் கூப்பிட்டார். ஆறுதல் சொல்லத்தான் கூப்பிட்டார், அதில் சந்தேகமில்லை.

"கஷ்டப்படலம்மா உங்கம்மா. நல்ல நினைவோடதான் இருந்தாங்க. ரெண்டு வாட்டி கேட்டாங்க, அவர் வந்துட்டாரான்னு. மருந்துக்கடை தூரமா இருக்கும், இப்ப வந்துடுவாருன்னு நான்தான் சொன்னேன். அதுக்கு என்ன சொன்னாங்க தெரியுமா? கடை பக்கத்துலதான் இருக்கு, அடுத்த தெருவுல கரண்ட் ஆபீஸ், இன்னிக்குக் கடைசி நாள், அதையும் கட்டிட்டுத்தான் வருவாருன்னாங்க. சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு. அப்புறம் பேசல."

மகள் அவர் கையை இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். பிடி மட்டும் தளர்ந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு சட்டைப் பையைப் பார்த்தாள்.

"கட்டிட்டீங்களாப்பா?"

"கட்டிட்டேம்மா."

அவள் சரி என்று தலையாட்டினாள். திட்டியிருக்கலாம். அவர் அதற்காகக் காத்திருந்தார்கூட. ஆனால் அவளும் அந்த வீட்டில் வளர்ந்தவள். அந்த இடத்தில் அவள் நின்றிருந்தால் வரிசையை விட்டு வந்திருப்பாளா என்பது அவளுக்கே தெரியவில்லையோ என்னவோ. மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டு, அம்மாவின் தலைமாட்டுக்குப் போய் முடியை ஒதுக்கிவிட ஆரம்பித்தாள்.

சிஸ்டர் வந்து சில இடங்களில் கையெழுத்து வாங்கினார். மருந்துப் பொட்டலம் அவர் கையிலேயே இருப்பதைப் பார்த்துவிட்டு, பிரிக்கவில்லை என்றால் கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்கள், பில் இருக்கிறதல்லவா என்று நல்ல மனசோடு கேட்டார். இருக்கிறது என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். மகள் பொட்டலத்தை வாங்கி சிஸ்டரிடமே கொடுத்துவிட்டாள்.

"யாருக்காவது போடுங்க சிஸ்டர்."

வண்டி வர ஒரு மணி நேரம் ஆனது. பின்பக்கம் அவளைக் கிடத்தி, இரண்டு பக்கமும் இருந்த பலகையில் அவரும் மகளும் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். டிரைவர் பேச்சுக்காரர். வேகத்தடையில் ஏறும்போதெல்லாம் திரும்பி, பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். யார் யாருக்குச் சொல்லியாயிற்று என்று விசாரித்தார். பிறகு கொஞ்ச தூரம் சும்மா வந்தார். கடைத்தெருவுக்குள் திரும்பியதும் மறுபடி ஆரம்பித்தார்.

"வீட்டுக்கு ஆளுங்க வருவாங்கல்ல சார். டீத்தூள், சக்கரைன்னு எதாவது வேணும்னா சொல்லுங்க, இங்கயே நிறுத்துறேன். அப்புறம் இதுக்குன்னு ஒரு ஆளு மறுபடி வரணும்."

டீத்தூள் டப்பாவில் அடியில்தான் இருந்தது. சர்க்கரையும் அப்படித்தான். வருகிறவர்கள் உட்கார நாற்காலி சொல்ல வேண்டும், அந்தக் கடையும் இதே தெருவில்தான். எல்லாம் அவருக்குத் தெரிந்தது, தெரியக்கூடாது என்று நினைத்தும் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மகளைப் பார்த்தார். அவள், வண்டியின் ஆட்டத்தில் அம்மாவின் தலை அசையாமல் இருக்க ஒரு கையை அண்டக் கொடுத்துக்கொண்டு, தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்துங்கள் என்றும் அவரால் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை.

பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு டிரைவர் ஒரு மளிகைக் கடை முன்னால் ஓரம் கட்டினார். இறங்கி வந்து பின்கதவைத் திறந்துவிட்டார். வெயில் உள்ளே மனைவியின் கால்வரை வந்து விழுந்தது. கடைக்காரர் முதலில் வண்டியையும் பிறகு அவரையும் பார்த்து, எழுந்து நின்று, என்ன வேண்டும் என்பதுபோல் தலையசைத்தார். அவரும் இறங்கவில்லை, மகளும் இறங்கவில்லை. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, மறுபடி சாத்திக்கொண்டு போய் வண்டியை எடுத்தார்.