பதில் வராமல் நகரக் கூடாது

“அஞ்சு மாடிக் கட்டடத்துல ஒரு லிப்டுக்கு நன்றி சொன்னேன் மச்சான். உச்சி குளிர்ந்து ஆறாவது மாடிக்கு ஏறிட்டுது. ஆறாவது மாடியே கட்டல! கெஞ்சிக் கூத்தாடித்தான் கீழ இறக்கினேன்.”

லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர் இப்படி அளந்துவிட்டபோது, அவர் மனைவியின் அண்ணன், தன் தங்கையின் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தார்.

“புளுகுக்கும் ஒரு கொள்ளளவு இருக்கு மாப்பிள்ளை. வண்டி வந்துடும். சீப்பு எங்க?”

பக்கவாதம் வந்து வாய் அடைத்ததிலிருந்து அவள் விட்டத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். தூக்கி உட்காரவைக்க மெக்கானிக்கின் இடுப்பில் தெம்பில்லை. போன வாரம் இருவருமாகச் சரிந்து, பக்கத்து வீட்டுக்காரர் வரும்வரை தரையிலேயே கிடந்தார்கள். இனி பராமரிப்பு இல்லம்தான். அதில் அவருக்கே சந்தேகமில்லை. சண்டையெல்லாம் எந்த மாடி என்பதில். கீழ்மாடி, சொன்னால் புரிகிறவர்களுக்கு. தினமும் போய்ப் பார்க்கலாம். மேல்மாடி, ஒன்றும் தெரியாதவர்களுக்கு. மாதத்துக்கு ஒரு தடவைதான் கதவு திறக்கும். அண்ணன் மேல்மாடிக்குச் சொல்லிவைத்திருந்தார்.

“அவளுக்கு எல்லாம் தெரியும் மச்சான்.”

“சுவத்துக்குக்கூடத்தான் உங்களைத் தெரியும். பதில் சொல்லுதா?”

தினமும் காலையில் ஒரு நன்றி சொல்லிப் பழகினால் மனம் தேறும் என்று, கைகால் பயிற்சி கொடுக்க வந்த பெண் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மனம் தேறவில்லை. பிடித்த பிடியையும் அவர் விடவில்லை. அதையும் தொழில் முறைப்படியே செய்தார். லிப்ட் குழிக்குள் நிற்பவன் மேலே இருப்பவனுக்குக் குரல் கொடுத்தால், பதில் வராமல் அடுத்த கம்பியைத் தொடக் கூடாது. தொட்டால் ஆள் காலி. அதனால் கட்டிலருகே நின்று, செத்தவனும் புரண்டு படுக்கும் குரலில் நன்றி சொல்லிவிட்டு, பதிலுக்காக நிற்பார். பால் பொங்கி வழிந்து அடுப்பணையும்வரை நிற்பார். பதில் வந்ததே இல்லை.

சொல்வதற்கான நல்லதெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. தலையணை உறைக்குச் சொல்லியாயிற்று. அவளை விட்டுத் தன்னை மட்டும் கடித்த கொசுவுக்கும் சொல்லியாயிற்று. இன்றோ கடைசி நாள். கீழே வண்டி ஹாரன் அடித்தது. பதற்றத்தில் வாய்க்கு வந்ததை எடுத்துவிட்டார்:

“எங்க அக்கா வந்து ஒரு வருஷம் நம்ம வீட்ல உக்காந்திருந்தப்ப, நீ ஒரு நாள்கூட முகம் சுளிக்காம பாத்துக்கிட்டியே, அதுக்கு நன்றி!”

நின்றார். அண்ணன் பையின் ஜிப்பை இழுத்தார்.

கட்டிலிலிருந்து, துருப்பிடித்த கதவு நகர்வதுபோல் ஒரு சத்தம். உதடு ஒரு பக்கமாகக் கோணியது. கண் விட்டத்தை விட்டு இறங்கிப் புருஷன் முகத்தில் குத்தியது.

“பொய்.”

அவ்வளவுதான். மெக்கானிக் கெஞ்சினார்; தன் அக்காவைத் தானே திட்டிக் காட்டினார். ஊஹூம். கண் மறுபடி விட்டத்துக்கே போய்விட்டது.

“ஏதோ தொண்டையில காத்து அடைச்சிருக்கும் மாப்பிள்ளை,” என்றார் அண்ணன், வண்டியில். “மனசைத் தேத்திக்குங்க.” மெக்கானிக்குக்குப் புளுகக்கூடத் தோன்றவில்லை.

இல்லத்து வாசலில் நர்ஸ் சக்கர நாற்காலியைத் திருப்பினாள். “மேல்மாடிதானே சார்? பேச்சு எதுவும் கிடையாதே?”

அண்ணன் நாற்காலியைப் பிடித்து நிறுத்தினார். நாத்தனாரைப் பற்றி அந்த வருஷம் முழுக்கத் தங்கை வைத்த ஒப்பாரியை, நாள் தவறாமல் உட்கார்ந்து கேட்டவர் அவர்தான்.

“கீழ்மாடிம்மா,” என்றார். “பேசினா. நானே கேட்டேன். சரியாத்தான் சொன்னா.”