நாலையும் படிக்காத பெரியக்கா

1

சமூக ஊடகமே மானுடத்தின் புதிய கருவறை.

(வாக்கியம் என்னுடையதல்ல. ஒரு கருத்தரங்க அழைப்பிதழில் இருந்தது. போனேன், மைக் வேலை செய்யவில்லை. பின்வரிசைப் பெண் ஒருத்தி மேடையைப் பாராமல் கைப்பேசியில் கேள்வி தட்டிக்கொண்டிருந்தாள். கதை அங்கே கிடைத்தது.)

2

நர்சிங் படித்து முடித்து, உரிமத் தேர்வுக்குத் தயாராகிறவர்களின் கைப்பேசிக் குழு அவளுடையது. அங்கே அவள் பெரியக்கா. தினமும் காலையில் ஒரு கேள்வி போடுவாள்: நாலு நோயாளிகள், முதலில் யாரைப் பார்ப்பாய்? தப்பாகச் சொன்னவர்களுக்குக் குரல்பதிவில் விளக்கம், கொஞ்சம் திட்டு. அப்படித் தேறியவர்கள் இன்று வார்டுகளில் ஊசி போடுகிறார்கள்.

இருளில் ஏற்றிய விளக்கைப் போல அவள்

(வேண்டாம். நர்ஸ் என்றதும் பேனா தானாக விளக்கேற்றக் கிளம்பிவிடுகிறது.)

3

ஒருநாள், குழுவில் தூங்குமூஞ்சி என்று பேரெடுத்தவள் கேட்டாள்: "அக்கா, நீங்க எத்தனாவது தடவையில பாஸ் பண்ணீங்க?"

அப்போது பெரியக்கா அம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பட்டையில் காற்று ஏறிக்கொண்டே போயிற்று.

"அடியே, கை மரத்துப்போச்சுடி," என்றாள் அம்மா.

பொய் சொன்னால் குழு நிலைக்கும். உண்மையைச் சொன்னால், தேறாதவளிடமா பாடம் கேட்டோம் என்று கலைந்துவிடும். காற்றை இறக்கிவிட்டு எழுதினாள்: "இன்னும் பண்ணல. ரெண்டு தடவை போச்சு. வர்ற செவ்வாய் மறுபடி எழுதறேன். விடறதா இல்ல."

4

முடிவு அ: எல்லோரும் வெளியேறினார்கள். (சோகம் பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும்.)

முடிவு ஆ: எல்லோரும் கண்கள் பனிக்க (எனக்கே கூசுகிறது.)

நடந்தது: இருவர் வெளியேறினார்கள். மிச்சமிருந்தவர்கள் அவளுக்குக் கேள்வி போட ஆரம்பித்தார்கள். நோய் உடனே பிடிபட்டது. அவளுக்குத் தெரியாத பாடமில்லை. முதல் விடை சரிபோலத் தோன்றினால் மற்ற மூன்றைப் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

"எங்களைத் திட்டினீங்கல்ல, இப்ப வாங்கிக்கங்க," என்றாள் தூங்குமூஞ்சி. "நாலையும் படிச்சிட்டு விரலை வைங்க."

நாள்தோறும் வறுத்தெடுத்தார்கள். அவளும் சளைக்கவில்லை. முதல் விடையைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, கீழிருந்து மேலே படிக்கப் பழகினாள்.

5

செவ்வாய்க்கிழமையை நான் எழுதப்போவதில்லை. அது உங்கள் பாடு. உதவிக்கு ஒரு தகவல் மட்டும். முந்தைய நாள் தூங்குமூஞ்சி குழுவில் ஒரு வாக்கெடுப்பு வைத்தாள்: பெரியக்கா பாஸாவாங்களா? குறும்புக்காக, 'கண்டிப்பா பாஸாக மாட்டாங்க' என்பதை முதல் விடையாகவும், 'கண்டிப்பா பாஸாவாங்க' என்பதை இரண்டாவதாகவும் போட்டிருந்தாள். எல்லோரும் இரண்டாவதை அழுத்தினார்கள்.

முதலாவதற்கு, வாக்கெடுப்பு வந்த நொடியிலேயே ஒரு வாக்கு விழுந்திருந்தது. அது பெரியக்காவுடையது.