முட்டை விலைக்குத் தீர்த்த கடன்

தாவூத் ராவுத்தருக்கு நான் கொடுக்க வேண்டியிருந்தது முப்பத்தொரு வெள்ளி நாற்பது காசு. ஜப்பான்காரன் வருவதற்கு முந்தின மாதம் வாங்கியது. என் பெண்சாதி பவுனம்மாளுக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. ராவுத்தர் தன் வண்டிக்கு இன்னொரு மாடு வாங்க வைத்திருந்த பணத்தை அப்படியே எடுத்து நீட்டினார். எனக்கு அப்போது எழுத்து தெரியாது. கைநாட்டு வைக்கிறேன் என்று பெருவிரலைக் காட்டினேன்.

"விரலு கெடக்கட்டும் தம்பி. முதல்ல ஆஸ்பத்திரிக்கு ஓடு" என்றார்.

பவுனம்மாள் பிழைத்தாள். பிள்ளை தங்கவில்லை.

ராவுத்தர் முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு வறண்ட கிராமத்தில் பிறந்தவர். எந்த வருஷம் என்று அவருக்கே தெரியாது. ஆடு மேய்த்தார். நாற்பது வயதை நெருங்கும்போது, முதல் உலகச் சண்டையில், வெள்ளைக்காரன் பட்டாளத்தில் கோவேறு கழுதை ஓட்டப் பஸ்ராவுக்குப் போனார். அந்தச் சண்டையைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஒன்றே ஒன்று சொல்லியிருக்கிறார். முதுகில் சிப்பாய்களுக்கான தண்ணீர்ப் பை தொங்க, அவருடைய கழுதை தாகத்தால் மணலில் விழுந்து செத்ததாம். அதற்கு ஒரு வாய் கொடுக்க உத்தரவு இல்லை. சண்டை முடிந்து கப்பலேறிக் கிள்ளானில் வந்து இறங்கினார். பிரிக்பீல்ட்சில் என்னோடு பதினைந்து வருஷம் தண்டவாள வேலை செய்தார். முதுகு வளைந்த பிறகு ஒற்றை மாட்டு வண்டி ஓட்டினார். மாடு குடித்து முடிக்காமல் அவர் தண்ணீரைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

ஜப்பான்காரன் சயாமில் ரயில் போட ஆள் பிடித்த வருஷம், எங்கள் கூலி லயத்துக்கு ஆள் ஏற்றும் லோரி வரப்போகிறது என்று தெரிந்ததும் என்னை வண்டியில் படுக்கச் சொன்னார். மேலே வைக்கோலை அடுக்கிக் காப்பார் என்கிற ஊர் வரை ஓட்டினார். இரண்டு நாள். அங்கே ஒரு மரவள்ளித் தோட்டத்தில் என்னை விட்டுவிட்டுத் திரும்பினார். அந்த லோரியில் போனவர்களில் எனக்குத் தெரிந்து ஒருவரும் திரும்பி வரவில்லை.

அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் நான் அதைச் செய்தேன்.

நாற்பத்தைந்து ஆடி மாதம். ஜப்பான்காரன் அடித்த வாழைமர நோட்டுக்கு மதிப்பே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கடன்பட்டவன் எல்லாம் கட்டுக்கட்டாக நோட்டைத் தூக்கிக்கொண்டு கடன் கொடுத்தவனைத் தேடினான். கொடுத்தவன் பின்வாசல் வழியாக ஓடினான். என்னோடு வேலை செய்த விஜயன்தான் சொன்னான்.

"வெள்ளைக்காரன் வந்துட்டா நல்ல காசுல கட்டணும்ணே. இப்பவே குடுத்துத் தள்ளிடு லா."

அன்று காலை பவுனம்மாள் ஒரு முட்டை விற்றாள். ஒரே ஒரு கோழிமுட்டை. முப்பத்தைந்து வெள்ளி. அதில்தான் ராவுத்தரின் கடனை அடைத்தேன். அவர் ஓடி ஒளியவில்லை. வாங்கி எண்ணினார். மீதியைத் திருப்பிக் கொடுத்தார். "பவுனம்மா சொகமா இருக்காளா?" என்று கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளைக்காரன் வந்தான். நோட்டு செல்லாது என்றான். ராவுத்தருக்குக் கால் வீங்கிவிட்டது. நல்ல காசாகச் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும் என்று கூலியில் பிடித்து வைத்தேன். பதினாலு வெள்ளி சேர்ந்தது. முழுதும் சேரட்டும், அப்புறம் போகலாம் என்று இருந்தேன். அதற்குள் கார்த்திகை பிறந்து நான்காம் நாள் போய்விட்டார்.

சந்தூக்குப் பெட்டியில் ராவுத்தரின் மையித்தை வைத்திருந்தார்கள். தூக்குவதற்கு முன் மருமகன் கௌஸ் கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்றார். அவர்கள் வழக்கம் அது.

"மாமா யாருக்காவது கடன் பாக்கி வச்சிருந்தா என்கிட்ட கேளுங்க, நான் பொறுப்பு. அவருக்கு யாராவது தரவேண்டியிருந்தா, அதையும் இப்ப சொல்லிடுங்க."

நான் முன்னால் போனேன். விஜயன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"குடுத்தாச்சுல்ல! எதுக்குண்ணே கெளப்புறே? சும்மா இரு லா."

"நான் தரணும்" என்றேன். "முப்பத்தொரு வெள்ளி நாப்பது காசு."

கௌஸ் நெற்றியைச் சுருக்கினார். "ஆடி மாசம் நீங்க கட்டிட்டதா மாமா சொன்னாரே. அவரே வாங்கிக்கிட்டப்புறம் கணக்கு முடிஞ்சுதுண்ணே."

"வாங்கிக்கிட்டாரு. ஒரு முட்டை வித்த நோட்டு அது."

கூட்டத்தில் பலர் தரையைப் பார்த்தார்கள். அவர்களும் யாருக்கோ அப்படிக் கட்டியவர்கள்தான். திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி மைமூன் அக்காவின் குரல் வந்தது. அழுது கம்மிப்போன குரல்.

"தெரியும் தம்புசாமி. அன்னிக்கு நான் அவரோட சண்டை போட்டேன். மூஞ்சில விட்டெறியாம ஏன் வாங்கினீங்கன்னு கேட்டேன். 'வீடு தேடி வந்து குடுக்கிறவன எப்படித் திருப்பி அனுப்புறது'ன்னாரு. ரெண்டு நாள் நான் அவரோட பேசல."

மடியை அவிழ்த்தேன். "இப்ப பதினாலு வெள்ளிதான் இருக்குக்கா. மிச்சத்தை மாசாமாசம்..."

வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். வேண்டாம் என்றால் எப்படித் தாங்குவது என்று பயந்தேன்.

"கௌஸு, வாங்கிக்க" என்றாள். "அவருக்குப் போர்த்துற கபன் துணி கடனுக்குத்தான் வந்திருக்கு. கடைக்காரனுக்கு அதைக் குடு. மிச்சம் எவ்வளவு?"

"பதினேழு வெள்ளி நாப்பது காசு" என்றார் கௌஸ்.

திரைக்குப் பின்னாலிருந்து மைமூன் அக்காவே பதில் சொன்னாள்.

"அதை அவருக்காக விட்டுட்டேன். மனசார விட்டுட்டேன். போ தம்பி, நீயும் தோள் குடு."

கௌஸ் என் கையிலிருந்த காசை வாங்கி எண்ணிப் பைக்குள் போட்டார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, "தம்புசாமி அண்ணன் கடன் தீர்ந்துச்சு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.