மியூசிக் மெயின், காமர்ஸ் அலைடு

என் வீட்டுக்காரர் அன்வர் பாஷாவுக்கு எதிலும் அவசரம். பூந்தமல்லியில் ரெடிமேடு கடை வைத்திருப்பவர். கடைக்கு வருகிறவர்களிடம் காட்டும் பொறுமையைப் பெற்ற மகளிடம் காட்ட மாட்டார். ஹிபாவுக்கு பி.காம் சீட் கிடைக்கும் என்று தெரிந்ததுமே தெரு முழுக்கத் தட்டுத் தட்டாக ஜாங்கிரி கொடுத்துவிட்டார். எங்கள் தெருவில் தட்டை வெறுமனே திருப்ப மாட்டார்கள். ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவார்கள். அன்று என் சர்க்கரை டப்பா நிரம்பிவிட்டது.

எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். ஹிபா அதே கல்லூரியில் மியூசிக்குக்கும் விண்ணப்பித்திருந்தாள். படித்தால் அதைத்தான் படிப்பேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"தெருவுக்கே ஸ்வீட் குடுத்தாச்சு ஜரினா. இனிமே மாத்த முடியுமா?" என்றார், ஏதோ பெரிய சாமர்த்தியம் பண்ணிவிட்டதுபோல.

அவர் பயம் எனக்குத் தெரியாதா? எதிர்வீட்டில் இருக்கும் அவருடைய அண்ணன் முஸ்தகீம், "நம்ம ஊட்டுப் பொண்ணு பாட்டு படிக்கிறதா?" என்று கேட்டிருந்தார். அண்ணன் கூடாது என்றதை இந்த மனிதர் இதுவரை செய்ததே இல்லை.

மகளிடம் சமாதானம் பேசினார். "பி.காம்தாம்மா சோறு. மியூசிக்கைத் தொட்டுக்க வெச்சிக்கோ."

"எனக்கு மியூசிக்தான் சோறு அத்தா. காமர்ஸை வேணும்னா தொட்டுக்கறேன்."

சேரும் நாளன்று மூவரும் போனோம். மியூசிக் துறையில் பாடிக் காட்டச் சொன்னார்கள். எங்களையும் உள்ளே உட்காரவைத்தார்கள். ஹிபா மோகனம் பாடினாள். ஸ்கூல் பாட்டு டீச்சர் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம். மிச்சமெல்லாம் மொட்டைமாடியில் துணி காயப்போடும் சாக்கில் தானே பழகியது. வீட்டில் மிக்ஸிக்கும் டிவிக்கும் நடுவே நாங்கள் கேட்ட குரல் இல்லை இது. மேலே ஏறி நின்றது. அவசரமே இல்லாமல் இறங்கியது. நடுவில் கடையிலிருந்து போன் வந்தது. என் வீட்டுக்காரர் எடுக்காமல் கட் பண்ணினார். வியாபார நேரத்தில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"எதும்மா மெயின்?" என்று பேராசிரியை கேட்டார்கள். ஹிபா அத்தாவைப் பார்த்தாள்.

"என்னை இன்னாத்துக்குப் பாக்குறே? படிக்கப் போறது நீதானே?"

"மியூசிக் மெயின், காமர்ஸ் அலைடு" என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் இவர் நேராக ஸ்வீட் கடைக்குள் நுழைந்தார்.

"மறுபடியுமா? தெருவே சிரிக்கும்" என்றேன்.

"சிரிக்கட்டும். போன தடவை அவசரப்பட்டுட்டேன். இன்னிக்குத்தான் விஷயமே கீது."

வீட்டுக்கு வீடு பால்கோவா போனது. தட்டுகள் சர்க்கரையோடு திரும்பின. கடைசியாக, எதிர்வீட்டு மருமகள் ரைஹானா தலையைக் குனிந்தபடி தட்டைக் கொண்டுவந்தாள். வெறும் தட்டு.

"மாமா ஒண்ணும் போடக் கூடாதுன்னுட்டாரு" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

ஹிபாவின் முகம் சுருங்கியது. "நாளைக்குப் போயி பி.காமுக்கே மாத்திக்கட்டுமா அத்தா?"

அவர் டப்பாவிலிருந்த சர்க்கரையைக் குவியலாக அந்தத் தட்டில் கொட்டினார். எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். வாசலில் அண்ணன் நின்றிருந்தார்.

"அண்ணே, உங்க ஊட்ல சக்கரை தீந்துட்டாப்ல கீது. இந்தாங்க, எடுத்துக்குங்க. எம் பொண்ணு காலேஜ்ல மியூசிக் படிக்கப் போறா. இன்னிக்கு அவ பாடக் கேட்டேன். இன்னா கொரலுன்றீங்க!"

அத்தனை வீட்டுக் கதவும் திறந்தது. அண்ணன் தம்பியின் முகத்தையே பார்த்தார். நீட்டிய தட்டு இறங்கவே இல்லை. என்னோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்திய மனிதரை அன்றுதான் நான் நிமிர்ந்து பார்த்தேன்.

கடைசியில் அண்ணன் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "சுகர் பேஷன்ட்டுக்கு இவ்ளோவாடா குடுப்பே?" என்று முணுமுணுத்தார்.

இவர் அங்கேயே நின்று எங்கள் வாசலைப் பார்த்துத் திரும்பினார். தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார்:

"ஹிபா! ஒண்ணும் மாத்த வேணாம்!"